அரை நிமிடம் தவறிய இலக்கு: எட் விட்லாக்கும் மூத்த ஓட்டக்காரரின் புத்தாண்டுக் கணக்கும்

2001-ஆம் ஆண்டு, பணி ஓய்வு பெற்ற எழுபது வயதுப் பொறியாளர் ஒருவர் கனடாவில் ஒரு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி முடித்தார். சற்று மேல் என்றால் அரை நிமிடம்கூட இல்லை. எழுபதைத் தாண்டிய எவரும் அதுவரை 42.195 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் ஓடியதில்லை. அதைச் செய்யும் முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்பதுதான் எட் விட்லாக்கின் இலக்கு. கிலோமீட்டருக்கு முக்கால் விநாடி வேகம் கூடியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது பெரிய விஷயமே இல்லை. அடுத்த பருவத்தில் இன்னும் கொஞ்சம் பயிற்சி, அவ்வளவுதான். எழுபது வயதுக்காரருக்கு அப்படியல்ல. அடுத்த ஆண்டு அதே பயிற்சியைச் செய்தால், கிடைக்கப்போவது அதைவிட மெதுவான நேரம். பயிற்சியைக் கூட்டினால் காயம் காத்திருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் என்று தோன்றும் இந்த இடத்தில் ஒரு மூத்த ஓட்டக்காரர் தன் அடுத்த இலக்கை எப்படி எழுத வேண்டும்? விட்லாக்கின் கதையை அந்தக் கேள்வியோடு படித்தால் நிறையக் கிடைக்கிறது. நாற்பது ஆண்டு காலம் அவர் ஓடிய பந்தயங்களின் தேதியும் நேரமும் வயதும் பொதுவெளியில் இருப்பதால், ஊகத்துக்கும் அதிக இடமில்லை.

பின்னணி

விட்லாக் 1931 மார்ச் மாதம் இங்கிலாந்தில் பிறந்தவர். மாணவப் பருவத்தில் நன்றாக ஓடியவர். சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு வேலைக்காகக் கனடா போனதும் ஓட்டத்தை விட்டுவிட்டார். மறுபடி தொடங்கியபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். முதலில் அவருக்குப் பிடித்திருந்தது நடுத்தூர ஓட்டம்தான். மாரத்தானுக்கு வந்தது, பதின்வயது மகன் ஓட ஆசைப்பட்டபோது துணைக்குப் போனதால். 1979-இல், 48 வயதில், 2 மணி 31 நிமிடம் 23 விநாடியில் ஒரு மாரத்தான் ஓடினார். அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம் அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இருபதுகளின் பொற்கால மாரத்தான் என்று ஒன்று இல்லை. ஆகவே அதை மீட்க வேண்டும் என்ற ஏக்கமும் இல்லை. மூத்த ஓட்டக்காரர்கள் ஜனவரியில் எழுதும் இலக்குகளில் பாதி, பழைய தன்னோடு போடும் சண்டை. "முப்பத்தைந்து வயதில் ஓடிய நேரத்துக்கு மீண்டும் வருவேன்" என்று அறுபதில் எழுதுகிறார்கள். அந்தச் சண்டையில் ஜெயித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. விட்லாக் எழுதிக்கொண்ட இலக்கில் கடந்தகாலம் இல்லை. ஒரு வயதும் ஒரு நேரமும் மட்டுமே இருந்தன: எழுபதுக்கு மேல், மூன்று மணிக்குள்.

அந்த வாக்கியத்தில் ஆண்டு இல்லை என்பதையும் பாருங்கள். "2001-க்குள்" என்று அவர் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. எழுபதாம் பிறந்தநாளில் திறக்கும் கதவு அது. எப்போது மூடும் என்பதை உடல் முடிவு செய்யும். நான்கைந்து ஆண்டு அவகாசம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆய்வில் நான் முதன்மையாகச் சொல்ல வருவது இதைத்தான். மூத்தவரின் இலக்கைக் கட்ட வேண்டியது நாட்காட்டியின் ஓராண்டோடு அல்ல, 60 முதல் 64, 65 முதல் 69 என்று போட்டிகளில் பிரிக்கும் ஐந்தாண்டு வயதுப் பிரிவோடு. ஜனவரி ஒன்று கணக்குப் பார்க்கும் நாளாக இருக்கட்டும். அதையே கெடு நாளாக்கினால் முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும்தான் கேடு.

இடைப்பட்ட இரண்டு ஆண்டு

அரை நிமிடம் தவறிய பிறகு விட்லாக்குக்கு முழங்கால் தொல்லை வந்தது. மூட்டுத் தேய்மானம். நீண்ட காலம் முழுப் பயிற்சி இல்லை. "முதல் ஆள்" என்ற பட்டத்தை வேறு யாராவது தட்டிக்கொண்டு போகலாம் என்ற நிலையிலும் அவர் அவசரப்படவில்லை. காயத்திலிருந்து திரும்பும் அவருடைய முறை கேட்பதற்கே அலுப்பாக இருக்கும். சில நிமிட ஓட்டத்தில் தொடங்குவது. உடல் ஏற்றுக்கொண்டால் இன்னும் சில நிமிடம் சேர்ப்பது. அப்படியே மாதக்கணக்கில் ஏறி, இரண்டு மணி, மூன்று மணி என்ற பழைய அளவுக்கு வருவது.

2003 செப்டம்பரில் டொரொன்டோவில், 72 வயதில், 2 மணி 59 நிமிடம் 10 விநாடி. இலக்கு முடிந்தது. அத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில், 73 வயதில், 2 மணி 54 நிமிடம் 48 விநாடி. வயதுக்கேற்பச் சீர்செய்து கணக்கிட்டால் அது அன்றைய உலகச் சாதனைக்குப் பக்கத்தில் போய் நிற்கும் ஓட்டம். 2018-இல் அமெரிக்காவின் ஜீன் டைக்ஸ் 70 வயதில் 2:54:23 ஓடினார். அந்தப் பந்தயம் முறையான அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை என்பதால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. 2022-இல் நெதர்லாந்தின் யோ ஸ்கோன்புரூட் 71 வயதில் 2:54:19 ஓடிய பிறகுதான் விட்லாக்கின் நேரம் அந்தப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறங்கியது.

எழுபதில் முடியாதது எழுபத்து மூன்றில் ஐந்து நிமிட மிச்சத்தோடு முடிந்திருக்கிறது. வயது கூடக் கூட வேகம் குறையும் என்ற பொதுவிதி இதனால் பொய்யாகிவிடவில்லை. எழுபதில் அவர் தன் உச்சத் தகுதியோடு ஓடவில்லை, 73-இல் ஓடினார் என்பதுதான் பொருள். ஒரு பந்தய நேரத்தைப் பார்த்து "வயதாகிவிட்டது" என்று முடிவு கட்டும் முன், அந்த நேரத்துக்குப் பின்னால் எத்தனை மாதம் தடையில்லாத பயிற்சி இருந்தது என்று பார்க்க வேண்டும். வயதின் தலையில் நாம் போடும் பழிகளில் பல, விட்டுப்போன வாரங்களுக்குச் சேர வேண்டியவை.

சரிவின் கணக்கு

இனி எண்கள். விட்லாக்கின் நான்கு மாரத்தான்களை எடுத்துக்கொள்வோம். 48 வயதில் 2:31:23. 73-இல் 2:54:48. 2011-இல், 80 வயதில், 3 மணி 16 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 2016-இல், 85 வயதில், 3:56:38. அந்த வயதில் நான்கு மணிக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்.

முதல் இரண்டுக்கும் இடையில் 25 ஆண்டு, 23 நிமிடச் சொச்சம். ஆண்டுக்கு ஒரு நிமிடம்கூட இழக்கவில்லை. 73-க்கும் 80-க்கும் இடையே ஏழு ஆண்டில் 21 நிமிடம், அதாவது ஆண்டுக்கு மூன்று நிமிடம். 80-க்கும் 85-க்கும் இடையே ஆண்டுக்கு எட்டு நிமிடம். 2016 அக்டோபரில் அந்தக் கடைசிப் பந்தயத்தை ஓடியவர் 2017 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். எனவே அந்த எட்டு நிமிடத்தில் வயதின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த நேரங்களை வயதுவாரியாக வரைந்தால் கிடைக்கும் கோட்டின் போக்கு தெளிவு: நெடுங்காலம் மெல்ல இறங்கி, எழுபதுகளின் நடுவில் செங்குத்தாகத் திரும்புகிறது. மூத்தோர் சாதனைப் பட்டியல்களை வயதுவாரியாக அடுக்கிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே வளைவுதான் தெரியும்.

புத்தாண்டில் இலக்கு எழுத உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது தன்னுடைய இந்தக் கோட்டைப் போடுவதுதான். கடந்த ஐந்தாறு ஆண்டில் நல்ல பயிற்சிக்குப் பிறகு, நல்ல வானிலையில், ஒரே தூரத்தில் ஓடிய நேரங்களை மட்டும் எடுத்து எழுதுங்கள். காய்ச்சலோடு ஓடியது, வெயிலில் வதங்கியது எல்லாம் கணக்கில் வேண்டாம். ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு இழந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். 62 வயதில் பத்து கிலோமீட்டரை 52 நிமிடத்தில் ஓடியவர் 63-லும் 52-இல் ஓடினால், கடிகாரத்துக்கு அது மாற்றமில்லாத நேரம். அவருடைய கோட்டுக்கு அது முன்னேற்றம். "அதே நேரத்தைத் தக்கவைப்பது" என்பதை இலக்காக எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. அறுபதுக்கு மேல் அது பேராசை மிகுந்த இலக்கு.

இந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்துதருவதுதான் வயதுச் சீரமைப்பு அட்டவணை. மூத்தோர் தடகளத்தில் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது. உங்கள் வயதிலும் பாலினத்திலும் அந்தத் தூரத்துக்கு எட்டக்கூடிய சிறந்த நேரம் எதுவோ, அதை உங்கள் நேரத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்லும். கடிகார நேரம் ஆண்டுதோறும் மோசமாகிக்கொண்டே போகும்போதும் சதவீதம் ஏறலாம். எண்ணில்லாத இலக்கில் மனம் நிற்காது என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஒரே எண்ணைத்தான். மிக மூத்த வயதுகளில் ஓடியவர்கள் குறைவு என்பதால் அங்கே அட்டவணை அவ்வளவு நம்பகமானதல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

உடலுக்குள் நடப்பது

கோடு ஏன் இறங்குகிறது? முக்கியக் காரணம், உடல் உள்வாங்கிப் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு குறைவது. பயிற்சி இல்லாதவர்களுக்கு இது பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் இறங்குகிறது. கடினப் பயிற்சியை விடாதவர்களுக்கு இறக்கம் இதைவிட மெதுவாக இருக்கும். இதயத்தின் உச்சத் துடிப்பு குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைப் பயிற்சியால் தடுக்க முடியாது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற பழைய கணக்கு இன்னும் எல்லா உடற்பயிற்சிக் கூடச் சுவர்களிலும் தொங்குகிறது. 65 வயதுக்கு அது 155 என்று சொல்லும். 2001-இல் வெளியான டனாகா குழுவினரின் ஆய்வு தந்த வாய்ப்பாடு வேறு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். அதன்படி 65 வயதுக்கு 162 அல்லது 163. அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு ஏறலாம், இறங்கலாம். பழைய கணக்கை நம்பிப் பயிற்சி மண்டலங்களை, அதாவது இலகு, கடினம் என்று துடிப்பை வைத்துப் பிரிக்கும் அளவுகளை, எழுதிக்கொண்ட பல மூத்தவர்கள், கடினமாக ஓட வேண்டிய நாளில் மென்மையாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் கைக்கடிகாரத்தில் இருக்கும் அந்த ஓர் எண்ணைத் திருத்துவது, புதுக் காலணி வாங்குவதைவிடப் பயனுள்ள வேலை.

தசை இழப்பு இரண்டாவது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் முதலில் மெலிகின்றன. அதனால்தான் வயதானவர்களின் தப்படி சுருங்குகிறது. மூச்சு தாங்கினாலும் கால் தள்ளுவதில்லை. இதற்கு மருந்து எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் அளவுக்காவது புரதம் வேண்டும் என்பது உடற்பயிற்சி செய்யும் முதியவர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. தசைநாண்களும் மெதுவாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. இதயமும் நுரையீரலும் நான்கு வாரத்தில் தயாராகிவிடும்; குதிகால் நாண் தயாராக மாதங்கள் பிடிக்கும். ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்கியவர் பிப்ரவரி இறுதியில் நொண்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியால்தான்.

அந்த மூன்று மணி நேர ஓட்டம்

விட்லாக் என்றதும் எல்லோரும் சொல்வது அவருடைய பயிற்சி முறையைத்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். அதற்குள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் வரும் ஒரு சுற்று. அதில் மெதுவாக, காலை அதிகம் தூக்காமல், கிட்டத்தட்டத் தேய்த்துக்கொண்டு ஓடுவார். பயிற்சி முழுவீச்சில் இருக்கும் காலத்தில் நாள்தோறும் மூன்று மணி நேரம் வரை. சுற்றுகளை எண்ணுவதில்லை, கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். சாலையில் ஓடாததற்கு அவர் சொன்ன காரணங்கள் மிகச் சாதாரணமானவை: அங்கே போக்குவரத்து இல்லை, காலில் ஏதாவது வலித்தால் வீடு பக்கம். பயிற்சியாளர் இல்லை, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி இல்லை, சிறப்பு உணவு இல்லை. வேகப் பயிற்சிக்குப் பதில், குறுந்தூரப் பந்தயங்களில் அடிக்கடி கலந்துகொள்வார்.

இதைப் படித்துவிட்டுத் தானும் மூன்று மணி நேரம் ஓடத் தொடங்குபவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத பாடம் அது ஒன்றுதான். மூன்று மணி நேரம் என்பது பல ஆண்டு சேர்த்த அளவு. அவருக்கும்கூட அது காயங்களுக்கு நடுவில் கிடைத்த காலங்களில்தான் முடிந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியது அளவை அல்ல, அளவுகோலை. அவர் அன்றாட இலக்கை வேகத்தில் வைக்கவில்லை, நேரத்தில் வைத்தார். வேகம் வயதோடு இறங்கும். அதை அன்றாட அளவுகோலாக வைத்தால் ஒவ்வொரு நாளும் தோல்வி. முக்கால் மணி ஓட வேண்டும் என்றால், அறுபதிலும் எண்பதிலும் முக்கால் மணி முக்கால் மணிதான்.

இன்னொன்று. பயிற்சி தனக்கு இன்பமாக இருக்கிறது என்று விட்லாக் சொல்லிக்கொண்டதில்லை. நாள்தோறும் சுற்றிச் சுற்றி வருவது அலுப்பான வேலை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர். பந்தயமும் சாதனையும்தான் அவரை இழுத்தன. "பயணத்தை ரசியுங்கள், முடிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று மூத்தவர்களுக்குச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வயதானவர் வெறும் ஆரோக்கியத்துக்காகத்தான் ஓட வேண்டும், ஜெயிக்க ஆசைப்படுவது அழகல்ல என்ற மேட்டிமை அதில் ஒளிந்திருக்கிறது. போட்டி மனம் உள்ளவருக்கு எழுபதிலும் போட்டி இலக்குதான் வேலை செய்யும். அதை எதனோடு கட்டுவது என்பதில்தான் விவேகம் வேண்டும்.

அளவு மட்டுமல்ல, கடினமும் கொஞ்சம் வேண்டும் என்பதற்குப் பிரான்சின் ராபர்ட் மார்ஷான் சான்று. சைக்கிள் ஓட்டியவர். 2012-இல் நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர். 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணியில் 26.927 கிலோமீட்டர். இடையில் வெரோனிக் பிய்யா என்ற உடலியல் ஆய்வாளர் வகுத்த பயிற்சியில், ஐந்தில் நான்கு பங்கு இலகுவாகவும் ஒரு பங்கு கடினமாகவும் ஓட்டினார். அவருடைய உச்ச ஆக்சிஜன் அளவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லி லிட்டரிலிருந்து 35-ஆக உயர்ந்தது. நூறைத் தாண்டிய பிறகு. ஒரே மனிதரின் கதைதான், பொதுவிதியாக்க முடியாது; ஆனால் "இனிமேல் ஏறாது" என்று சொல்பவர்களுக்குப் பதிலாக இது போதும்.

இலக்கை எழுதும்போது

வயதுப் பிரிவோடு இலக்கைக் கட்டச் சொன்னேன். அதற்குப் போட்டி விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்கி ஐந்தாண்டுப் பிரிவுகளாகப் போகிறது. அங்கே போட்டி நடக்கும்போது உங்களுக்கு என்ன வயது என்பதே கணக்கு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் வேறு விதி: அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ, ஆண்டு முழுவதும் அதுதான் உங்கள் வயது. நவம்பரில் அறுபதாகப் போகிறவர் ஜனவரி முதல் தேதியிலேயே அறுபது வயதுப் பிரிவுக்கு வந்துவிடுகிறார். வயதுப் பிரிவின் இளையவராக நிற்கும் ஆண்டு மூத்த வீரருக்கு அரிய வாய்ப்பு. பிறந்தநாளைப் பார்த்து மகிழும் ஒரே கூட்டம் நாங்கள்தான் என்று மூத்த டிரையத்லான் வீரர்கள் வேடிக்கையாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பாஸ்டன் மாரத்தானில் இடம் கேட்க முன்பே ஓடிக் காட்ட வேண்டிய தகுதி நேரங்களும் வயதுப் பிரிவை ஒட்டியவைதான். ஆண்களுக்கு 60 முதல் 64 வயது வரை 3 மணி 50 நிமிடம். 65 முதல் 69 வரை 4 மணி 5 நிமிடம். பந்தய நாளன்று உள்ள வயதே கணக்கு. மாரத்தானை நான்கு மணி நேரத்தில் ஓடும் 63 வயதுக்காரர் தன்னை வதைத்துப் பத்து நிமிடம் குறைக்கப் பார்ப்பதா, இரண்டு ஆண்டு காயமில்லாமல் அதே நேரத்தைக் காப்பதா? இரண்டாவது வழியில் போனால் தகுதி நேரம் அவரைத் தேடி வருகிறது. தகுதி நேரத்தைவிட வேகமாக ஓடியவர்களிலும் மிக வேகமானவர்களுக்கே முதலில் இடம் என்பதால், கையில் சில நிமிடம் மிச்சம் இருப்பது நல்லது.

ஆகவே என் கணக்கில், மூத்தவர் இலக்கு எழுதும் தாளில் இருக்க வேண்டியவை மூன்று வரிகள். மேலே, இந்த வயதுப் பிரிவுக்குள் எப்போதாவது செய்ய வேண்டிய ஒரே ஒரு பெரிய காரியம். ஆண்டு எழுத வேண்டாம். நடுவில், இந்த ஆண்டு எத்தனை வாரம் தடையில்லாமல் பயிற்சி செய்யப்போகிறோம் என்ற எண். 52 என்று எழுதுபவர் தன்னையே ஏமாற்றுகிறார், 42 எழுதினால் நோய்க்கும் பயணத்துக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் இடம் இருக்கும். கீழே, இந்த வாரம் எடை தூக்கப்போகும் இரண்டு நாட்கள். நடு வரிதான் உயிர். விட்லாக்கை 2003-க்குக் கொண்டுவந்தது அதுதான்.

எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஓராண்டு பின்தொடர்ந்தது. எதையாவது தவிர்க்கப்போவதாக எழுதியவர்களில் 47 சதவீதத்தினர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். எதையாவது செய்யப்போவதாக எழுதியவர்களில் 59 சதவீதத்தினர். "காயம் படாமல் பார்த்துக்கொள்வேன்" என்று எழுதுவதைவிட "செவ்வாயும் வெள்ளியும் கெண்டைக்கால் பயிற்சி செய்வேன்" என்று எழுதுவது மேல். முதலாவதை நாளை காலை செய்ய முடியாது.

எல்லோரும் விட்லாக் அல்ல

இந்த நிகழ்வில் உள்ள ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். நாம் பார்ப்பது சாதித்தவரை. அதே வயதில் அதே அளவு ஓடி முழங்காலை இழந்தவர்களின் நேரங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மேலும் அவர் ஆண், இளமையிலேயே ஓட்டத் திறன் காட்டியவர், ஓய்வுபெற்றவர். நாளில் மூன்று மணி நேரம் தனக்கென்று கிடைத்தவர்.

ஜப்பானின் மரிகோ யுகேட்டாவை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உடற்கல்வி ஆசிரியை, நான்கு குழந்தைகளின் தாய். இருபதுகளில் முதல் மாரத்தான் ஓடியபோதே மூன்று மணிக்குள் ஓட ஆசைப்பட்டவர். குடும்பமும் வேலையும் அதைப் பல பத்தாண்டு தள்ளிப்போட்டன. 2019-இல், 61 வயதில், 2:59:15 ஓடி, அறுபதுக்கு மேல் மூன்று மணிக்குள் ஓடிய முதல் பெண்ணானார். 2021 ஜனவரியில், 62 வயதில், 2:52:13. அவருடைய கோடு அறுபதுகளில் மேல்நோக்கிப் போயிருக்கிறது. காரணம் எளிது: கடினமான பயிற்சிக்கு அவர் உடல் வந்து அதிக ஆண்டு ஆகவில்லை. பிறப்பு வயது வேறு, பயிற்சி வயது வேறு. ஐம்பத்தெட்டில் ஓடத் தொடங்கியவர் முதல் ஆறேழு ஆண்டு கோடு ஏறும் என்றே எதிர்பார்க்கலாம். அவருக்கு நேரத்தைக் குறைக்கும் இலக்கு முற்றிலும் நியாயமானது. நாற்பது ஆண்டாக ஓடுபவர் அதே இலக்கை எழுதினால் ஏமாற்றம்தான். ஜனவரியில் இருவரும் ஒரே பயிற்சித் திட்டத்தை வாங்கிப் பின்பற்றுவதில் எந்தப் பொருளும் இல்லை.

மருத்துவப் பக்கம் ஒன்று. 35 வயதுக்கு மேல் உடற்பயிற்சியின்போது நிகழும் திடீர் மரணங்களுக்கு முதன்மைக் காரணம் இதயத் தமனி அடைப்பு. நீண்ட காலத் தாங்குதிறன் பயிற்சி செய்யும் ஆண்களிடம் இதய மேலறைத் துடிப்பு ஒழுங்கின்மை சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. பயந்து ஓட்டத்தை விட வேண்டியதில்லை. ஆனால் முன்பு எளிதாக ஏறிய மேட்டில் இப்போது மார்பு இறுகினாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ, ஓடும்போது மயக்கம் வந்தாலோ, அதை "வயதின் சரிவு" என்று கோட்டில் குறித்துவிட்டுப் போகக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன துடிப்புக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த மாத்திரை உச்சத் துடிப்பையே இறக்கிவிடும். அவர்கள் கைக்கடிகாரத்தின் மண்டலங்களை அணைத்துவிட்டு, பேசிக்கொண்டே ஓட முடிகிறதா, ஒரு வாக்கியம்தான் வருகிறதா, ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து ஓடலாம். மாத்திரை நடு ஆண்டில் மாறினாலோ அளவு கூடினாலோ, அதற்கு முந்தைய நேரங்களையும் பிந்தைய நேரங்களையும் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டாம். மாறிய தேதியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து புதிய கோடு போட வேண்டும்.